ஈரலுக்கு நாற்பது நாள் லீவு

என் மனைவி மஸ்கட்டுக்கு விமானம் ஏறிய அன்று நான் அழுதேன் என்று அவள் இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகனுக்கு அங்கே ஏசி மெக்கானிக் வேலை. பிரசவம் பார்க்க, பிள்ளையைக் குளிப்பாட்ட, மகளுக்குப் பத்தியச் சாப்பாடு போட என்று நவம்பர் தொடக்கத்தில், கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு கிளம்பினாள். திரும்பி வந்தது ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு நெருங்கும்போதுதான். அழுதது நிஜம். ஆனால் ஏர்போர்ட்டிலிருந்து ராயபுரம் திரும்பும் வழியில், பஸ் பாரிமுனையை எட்டுவதற்குள் அழுகை நின்றுவிட்டது. அங்கேயே இறங்கி ஒரு குவார்ட்டர் வாங்கிக்கொண்டேன்.

நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் மெக்கானிக். கன்டெய்னரைக் கவ்வித் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பெரிய வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவன். குடி எனக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை, கல்யாணம், சாவு, பொங்கல் என்று ஏதாவது ஒரு காரணம் வரும், குடிப்பேன். ஆனால் வீட்டில் அவள் இருக்கிறவரை அதற்கு ஒரு கணக்கு இருந்தது. இரண்டாவது கிளாஸில் ஒரு பார்வை பார்ப்பாள், மூன்றாவதில் சோற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிடுவாள். அவள் போன பிறகு சோறும் இல்லை, பார்வையும் இல்லை.

அதற்காக என்னைக் குடிகாரன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். காரணம், தவக்காலம். எங்கள் தெருவில் பாதி கத்தோலிக்கக் குடும்பங்கள். துறைமுகம், ரயில்வே, கடல் என்று உழைக்கிற ஆண்கள், குடிக்கவும் செய்வார்கள். ஆனால் விபூதி புதனன்று சாமியார் நெற்றியில் சாம்பலைப் பூசிவிட்டால், ஈஸ்டர் பூசை முடிகிற வரைக்கும் நாற்பது நாளும் பாட்டில் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டோம். ஒருவேளை சோற்றோடு ஒருசந்தி இருக்கிறோமோ இல்லையோ, கறிமீனை விடுகிறோமோ இல்லையோ, குடியை விடுவோம். நினைத்தால் விடமுடிகிறவன் எப்படிக் குடிகாரன் ஆவான்? எனக்கு இதில் ஒரு மெக்கானிக் நியாயமும் உண்டு. எந்த வண்டியையும் வருடத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, எண்ணெய் மாற்றி, சர்வீஸ் செய்தால் ஓடும். தவக்காலம் ஈரலுக்கு சர்வீஸ். இதை நான் பலருக்கும் விளக்கிச் சொல்லியிருக்கிறேன், யாரும் மறுத்ததில்லை.

என் சிநேகிதர் ஒருவர் இதை முழு மனதாக ஒப்புக்கொள்வார். தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் இந்து. அவருடைய ஈரலுக்கு சர்வீஸ் கார்த்திகை மாதம், சபரிமலைக்கு மாலை போடும்போது. இருவரும் இத்தனை வருடம் சேர்ந்து குடித்தும், எங்கள் இரண்டு ஈரலுக்கும் ஒரே சமயத்தில் லீவு கிடைத்ததே இல்லை.

ஆகவே அவள் ஊருக்குப் போன இரண்டாவது வாரமே அண்ணாச்சி கறுப்பு வேட்டிக்கு மாறினார். கடையைச் சாத்திவிட்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். "பைய சாமி, பைய. ஈரலு ஒண்ணுதான் சாமி இருக்கு," என்பார். மாலை போட்டால் எல்லோரும் சாமிதான், நான் உட்பட. அவர் பேச்சை ரசித்துக்கொண்டே நான் இன்னொன்று ஊற்றிக்கொள்வேன். ஜனவரியில் அவர் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றியதும், விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கும் வேகத்தில் வந்து உட்கார்ந்தார். அதே மாதம்தான் எனக்குப் பேத்தி பிறந்தாள். அந்தச் சந்தோஷத்தைக் கொண்டாடினோம். அவளுக்குப் பெயர் வைத்ததைக் கொண்டாடினோம். தொப்புள்கொடி விழுந்ததைக்கூடக் கொண்டாடினோம். முன்னால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குவார்ட்டர் என்றிருந்தது, இப்போது தினமும் அரை பாட்டில் ஆகியிருந்தது.

மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். பாட்டில் தெரியாமல் போனைச் சாய்த்துவைத்துப் பேசுவேன். "கண்ணு இன்னாப்பா ஒரு மாதிரியா கீது?" என்பாள். "தூக்கம்," என்பேன். "துன்னியா?" என்பாள். "துன்னேன்," என்பேன். அவள் குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள், நான் கண்ணீர் விடுவேன். அதில் பாதி பாசம்.

விபூதி புதன் வந்தது. சாம்பலை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் உடம்பு பேச ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம். சாப்பாட்டைப் பார்த்தால் வெறுப்பு. காலையில் பல் தேய்க்கும்போது குமட்டல். முழங்காலுக்குக் கீழே ஓயாத அரிப்பு. ஈரல் எந்தப் பக்கம் என்று எனக்கும் அண்ணாச்சிக்கும் ஒரு நாள் முழுக்க வாக்குவாதம் நடந்தது. இடது பக்கம்தான் என்று அவர் அடித்துச் சொன்னதை நம்பி, வலதில் வலிப்பது வெறும் வாயு என்று நான் ஒரு வாரம் நிம்மதியாக இருந்தேன்.

அப்புறம் கண் மஞ்சளாக இருக்கிறதா என்ற சந்தேகம். குளியலறை பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சள்தான். நல்ல பகலில் பார்க்கவேண்டும் என்று அண்ணாச்சி என்னைக் கடை வாசலுக்கு வரச்சொல்லி, கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். சாமான் வாங்க வந்த இரண்டு பெண்களும் சேர்ந்து பார்த்தார்கள்.

"துவரம்பருப்பு மஞ்சள் இல்லவே. வேணும்னா பாசிப்பருப்புன்னு சொல்லலாம்," என்றார் அண்ணாச்சி.

சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் பயமாக இருந்தது. எங்கள் தெருக்கோடியில் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். வயிறு உப்பி, கால் வீங்கி, கையும் கழுத்தும் குச்சியாகி, ஒரு மழைக்காலத்தில் போய்ச்சேர்ந்தார். அவர் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அவரும் தவக்காலத்தில் ஒரு சொட்டுத் தொடாதவர் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. என் சர்வீஸ் நியாயத்தில் விழுந்த முதல் ஓட்டை அது. பேத்தியை நான் போனில் மட்டும்தான் பார்த்திருந்தேன். அவளை இந்தக் கையில் வாங்குவதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தோன்றியது.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் இளம் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார்.

"குடிப்பீங்களா?"

"இல்லம்மா."

"சிகரெட்?"

"இல்லம்மா."

"டிரிங்க்ஸ் இல்லவே இல்லியா? பார்ட்டி கீர்ட்டின்னு?"

"ஒரு சொட்டு இல்லம்மா."

பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை, சத்தியமாக. தவக்காலத்தில் எங்கள் பக்கம் எவனைக் கேட்டாலும் இதுதான் பதில். கல்யாண வீட்டில் மச்சான் கிளாஸை நீட்டினாலும் இதே பதில், அவனும் பேசாமல் அடுத்தவனிடம் போய்விடுவான். அந்தப் பதிலைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அன்றைக்கும் நிமிர்ந்தது. டாக்டரின் முகத்தில் மரியாதை கூடியதைப் பார்த்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், வயிற்றில் ஜில்லென்று பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, ரத்தத்திலும் சில அளவுகள் கூடுதலாக இருக்கின்றன என்று வந்தது. டாக்டர் குழம்பிப்போனார்.

"சுகர் இல்ல. உடம்பும் பெருசா இல்ல. குடிக்கிற பழக்கமும் இல்ல. அப்புறம் ஏன் சார் இப்படி?"

எனக்கும் அதே கேள்விதான். குடிக்காத ஒரு மனிதனுக்கு ஏன் இப்படி வரவேண்டும் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் உண்மையாகவே வருந்தினேன். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள், இல்லை. நாட்டு மருந்து சாப்பிட்டீர்களா, வலி மாத்திரை போடுவீர்களா என்று கேட்டார், அதுவும் இல்லை. கடைசியில் என்ன வேலை என்று கேட்டார். மெக்கானிக் என்றேன். கெமிக்கல் ஏதாவது புழங்குவீர்களா என்றார்.

"வண்டி பாகமெல்லாம் பெயின்ட் தின்னர்லதாம்மா கழுவுவோம்."

தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவர்போல அவர் முகம் தெளிந்தது. கையுறை போடவேண்டும், முகமூடி போடவேண்டும், முடிந்தால் வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும் என்று சொல்லி, மறுபடி வரச் சொன்னார்.

மறுநாள் யார்டில் செய்தி பரவியது. எங்களோடு வேலை பார்க்கும் வெல்டர்ப் பையன் ஓடிவந்தான்.

"இன்னா நைனா, ஈரலு பூட்ச்சாமே?"

"தின்னராம்பா. டாக்டரே சொல்ட்டாங்க."

"தின்னரா! அதான் நைனா, எனக்கும் காத்தால எய்ந்தா வாந்தி வாந்தியா வருது. வூட்ல நம்பமாட்றாங்கோ."

அவன் தினமும் வேலை முடிந்து நேராகப் போகிற இடம் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். ஒரே வாரத்தில் எங்கள் ஷெட்டில் குடிக்கிற அத்தனை பேருக்கும் தின்னரால் வந்த வியாதி ஏதாவது ஒன்று இருந்தது. ஒருவருக்குக் கை நடுக்கம், ஒருவருக்கு மறதி. வட சென்னையில் ஒரு வசதி உண்டு, பழியைக் காற்றின்மேல் போட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழுகிற ஊரில் எந்த வியாதிக்கும் காரணம் தயாராகவே இருக்கிறது, அதில் நிறைய உண்மையும் இருக்கிறது. சூப்பர்வைசர் பயந்துபோய்க் கையுறையும் முகமூடியும் வாங்கித் தந்தார். எங்கள் ஷெட்டில் குடிக்காதவர் ஒரே ஒருவர்தான். தின்னரில் அதிகம் கைவைப்பவரும் அவரே. அவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். அதைக் கவனித்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சிதான் கொக்கி போட்டார்.

"டாக்டரம்மாட்ட ஊத்துன கதைய சொன்னீரா?"

"குடிப்பீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன்."

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதான். மாலை போட்டிருக்கும்போ கேட்டா நானும் அப்படித்தாம்வே சொல்லுவேன்," என்று ஒப்புக்கொண்டு பொட்டலம் மடிக்கப் போய்விட்டார்.

குருத்து ஞாயிறுக்கு இரண்டு நாள் முன்னால் மனைவி வந்து இறங்கினாள். ஒரு பெட்டி நிறையப் பேரீச்சம்பழம், போன் நிறையப் பேத்தி. நான் இளைத்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். தின்னர் விஷயத்தைச் சொன்னதும் யார்டையும் அதன் முதலாளியையும் அவர் பரம்பரையையும் திட்டினாள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவளும் வந்தாள்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். காரணம் இன்னும் உறுதியாகவில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே ஈரலுக்குள் ஊசியை விட்டுச் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள் என்றார். ஊசி என்றதும் எனக்கு வியர்த்தது. வாயைத் திறந்து எதையோ சொல்லப்போனேன். அதற்குள் டாக்டர் என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இவரு குடிக்கிறது கிடையாதுல்ல?"

"அய்யோ, தொடவே மாட்டாரும்மா," என்றாள் மனைவி பெருமையாக. "தவக்காலம்னா அதுல அவுரு ரொம்ப கரெக்ட்டு."

"தவக்காலம்னா?"

"ஈஸ்டருக்கு மின்னாடி நாப்பது நாளும்மா."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல குடிப்பாரு."

மத்த நாளில் வேலைக்குப் போவார் என்பதுபோல்தான் சொன்னாள். டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"எப்போ சார் நிறுத்தினீங்க?"

"விபூதி புதன்," என்றேன்.

"அதுக்கு முன்னாடி? எவ்ளோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். அவள் ஊரில் இல்லாத மாதங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. சொல்லித்தான் ஆகவேண்டும். தினமும் அரை பாட்டில் என்றேன். சில நாள் அதற்கும் மேல் என்றேன். அவள் மடியிலிருந்த பையின் காதை முறுக்கிக்கொண்டே கேட்டாள். டாக்டருக்கு வந்த கோபத்தில் காது சிவந்தது.

"உங்களுக்காக ரெண்டு பெரிய டாக்டருங்களுக்குப் போன் பண்ணிக் கேட்டேன் சார். குடிக்காத மனுஷனுக்கு இப்படி வந்திருக்கே, பாவமேன்னு."

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருட்டு மேய்ச்சலில் பிடிபட்ட கழுதை மாதிரி உட்கார்ந்திருந்தேன் என்று மனைவி பிறகு சொன்னாள்.

ஊசி ரத்தானது. அதற்குப் பதில் ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மேலிருந்தே தட்டிப் பார்க்கும் ஒரு ஸ்கேனுக்கு எழுதினார். ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழனன்று காலையில் அதை எடுத்துக்கொண்டு அவரிடமே போனோம். காத்திருந்த நேரத்தில் எனக்கு அந்தத் தெருக்கோடிக்காரரின் வயிறுதான் கண்முன் நின்றது. மனைவி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள், என்னோடு பேசவில்லை.

"இறுக ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டர். "ஆனா ஆரம்பம்தான். இப்போ விட்டீங்கன்னா ஈரல் தன்னைத் தானே நிறைய சரிபண்ணிக்கும். விடலன்னா, என்கிட்ட திரும்ப வராதீங்க."

உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் வழக்கப்படி உடனே கேட்டது: "எத்தினி நாள்மா உடணும்?"

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நாளா? இதுக்கு ஈஸ்டர் கிடையாது சார்."

கையுறையைக் கழற்றிவிடாதீர்கள், தின்னரும் நல்லதில்லைதான் என்றும் சொல்லி அனுப்பினார். நான் வெல்டர்ப் பையனிடம் உள்ளதைச் சொன்னேன். "டாக்டருக்கு இன்னா நைனா தெரியும்," என்று முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி மறுநாள் சமையலுக்கு இஞ்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக நான் கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்வதோடு சரி. நான் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாலு பூண்டை எடுத்து உரித்தேன். இந்த ஈஸ்டருக்குத் தொடமாட்டேன், பார்த்துக்கொண்டே இரு என்றேன். வழக்கமான வீரம்தான். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் நிமிரவில்லை. "வர்சத்துல இந்த நாப்பது நாளுதாம்பா நான் நல்லா தூங்குவேன்," என்றாள். "நீ எப்போ வருவ, எங்க வியுந்து கெடப்பன்னு பார்த்துகினு கெடக்க வேணாம். ஈஸ்டர் வருதுன்னா ஊரே சந்தோசமா கீது. எனக்கு மட்டும் குருத்து ஞாயிறுலேருந்தே வயித்தக் கலக்கும்."

பூண்டுத் தோலைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ ஈஸ்டருக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன். அவள் அப்படி நினைத்துக்கொண்டு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஈரலுக்கு என்ன ஆனது என்று கண்ட கண்ட வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தவன், இதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

ஈஸ்டர் அன்று பிரியாணி முடிந்து, பாத்திரமும் கழுவி, முன் அறையில் பாயைப் போட்டு அவள் சும்மா சாய்ந்தாள். ஃபேன் காற்றில் அப்படியே கண் அசந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி அக்குளில் ஒரு மஞ்சள் பையை இடுக்கிக்கொண்டு, தூரத்திலிருந்தே "ஈஸ்டர் வாழ்த்துக்கள்வே!" என்று கூவியபடி வந்தார்.

எழுந்து ஓடிப்போய் அவரைத் தெருவிலேயே மறித்தேன்.

"சத்தம் போடாத அண்ணாச்சி, வூட்டுக்குப் போ," என்றேன். "உள்ள அவ தூங்கறா."